கடலோரக் கோயிலும் கடற்கரைப் பாதையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் மொரீஷியஸ் தீவின் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்தவை. கோயில், வீடு, பாதை, மேளம் என்று கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான். ஊர் மாறுகிறது, எதை வைத்துக்கொள்வது என்று யார் சொல்வது? நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் கடலோரமாக ஒரு சின்ன மாரியம்மன் கோயில். கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை, கூரை விளிம்பில் தகரத்தில் வெட்டிய பூவேலை. நிர்வாகக் குழு அதை இடித்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை வரவழைத்துக் கான்கிரீட்டில் கோபுரம் வைத்துக் கட்டப்போகிறது. நாங்கள் சில இளைஞர்கள் வேண்டாம் என்கிறோம். "ஆகமப்படி கோயில் வேண்டாமா?" என்று வாயை அடைக்கிறார்கள். என் பாட்டிகூட அவர்கள் பக்கம். என்ன செய்வது?
தென்கரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, பாட்டியிடமிருந்தே தொடங்குவோம். 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரி கடைசியில் கரோல். ஒரே கோடையில் இரண்டு. கரோல் அடித்தபோது தீவு முழுக்க ஓலைக் குடிசையும் தகர வீடும் ஆயிரக்கணக்கில் பறந்தன, பள்ளிக்கூடங்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள், அதற்குப் பிறகுதான் அரசாங்கம் சிட்டே சிட்டேயாக, அதாவது குடியிருப்பு குடியிருப்பாகக் கான்கிரீட் வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. அந்த இரவைச் சிறு வயதில் பார்த்தவருக்குத் தகரக் கூரை என்றால் பயம், கான்கிரீட் என்றால் நிம்மதி. உங்கள் பாட்டி பழமையை மதிக்காதவர் இல்லை, அம்மன் தலைக்கு மேல் கூரை நிற்க வேண்டும் என்று நினைக்கிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் "பாரம்பரியம், பாரம்பரியம்" என்று பேசினால் குழுவில் ஒருவரும் உங்கள் பக்கம் திரும்பமாட்டார்கள்.

ஆனால் கோயிலை இடிக்கக் கூடாது என்பதில் நான் உங்களோடுதான் நிற்கிறேன்.

நம் ஆட்கள் 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக மட்டும் இங்கே வரவில்லை. அதற்கு நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்து தலைநகர் போர்ட் லூயியைக் கட்டியிருக்கிறார்கள். கடலோரத்தில் பவளக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் அது, அந்தச் சூளைகளில் சில இன்றும் கரையோரம் நிற்கின்றன. உங்கள் கோயிலின் கருங்கல் இந்த மண்ணின் எரிமலைக் கல். கூரை விளிம்பில் இருக்கும் அந்தத் தகரப் பூவேலை இந்தத் தீவின் கிரியோல் பாணி வீடுகளைக் கட்டிய தச்சர்களின் கைவண்ணம், அம்மனுக்கென்று அதைச் செய்து வைத்த ஊர் இது. இப்படி ஒரு கோயிலை மதுரையிலும் பார்க்க முடியாது, தஞ்சாவூரிலும் பார்க்க முடியாது. கோபுரம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. இது போனால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

ஆகமம் என்று சொல்கிறார்களா? சரி, ஆகமத்திலேயே ஜீர்ணோத்தாரணம் என்று ஒன்று இருக்கிறது. பழுதுபட்டதைச் செப்பனிட்டு, பாலாலயம் செய்து, திரும்பக் கும்பாபிஷேகம் நடத்துவது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிற வழக்கம் பழையதைக் காப்பாற்றத்தானே வந்தது? திருவரங்கத்தில் பின்னால் சேர்த்த கட்டுமானங்களை அகற்றி, பழைய முறையிலேயே திருப்பணி செய்தார்கள். அதற்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. குழுவில் இதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டை உதாரணம் காட்டுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே பதில்.

அடுத்து, கான்கிரீட் நிலைக்கும் என்ற நம்பிக்கை. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் அது அவ்வளவு உறுதியானது இல்லை. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடித்து ஊதுகிறது, ஊதினால் மேல் பூச்சு பாளம் பாளமாகப் பிய்ந்து விழுகிறது. கரையோரத்துப் பழைய காம்ப்மான் (கடற்கரை ஓய்வு வீடு) எதிலாவது போய் வராந்தாவின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், பழுப்புக் கம்பி எலும்பு மாதிரி வெளியே தெரியும். கோபுரத்துச் சிலைகளில் கம்பி இன்னும் மெல்லியது, மேலே சிமெண்டும் கொஞ்சம்தான்.

உங்கள் கோயில் சுவரின் அடிப்பாகத்தையும் பாருங்கள். எப்போதோ யாராவது நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசியிருந்தால் அந்த இடம் உப்பி நிற்கும். தட்டினால் டொக்கென்று கேட்கும், நகத்தால் சுரண்டினால் வெள்ளை உப்பு மாவாக உதிரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் உப்போடு சேர்ந்து கல்லின் முகத்தையே தின்னும். அந்தச் சிமெண்டைப் பக்குவமாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினால் சுவர் இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும். பவளத்தைத் தொடக் கூடாது, அது சட்டப்படி குற்றம். வாங்கிக் குழைத்த சுண்ணாம்பே போதும்.

குழுவிடம் வெறும் "வேண்டாம்" என்று போகாதீர்கள், மாற்றுத் திட்டத்தோடு போங்கள். கருவறையும் பழைய மண்டபமும் அப்படியே இருக்கட்டும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்டினால் புயலுக்குத் தாங்கும். பக்கத்தில் கடலை விட்டுச் சற்றுத் தள்ளிக் கான்கிரீட்டில் ஒரு பெரிய மண்டபம் கட்டலாம். அன்னதானத்துக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும், புயல் நாளில் பாட்டி மாதிரிப் பெரியவர்கள் ஒதுங்கவும் ஆகும். அதற்கு முன்னால் கோயிலை அங்குலம் அங்குலமாக அளந்து படம் எடுத்து வையுங்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் பெயரும் கப்பலும், அதிர்ஷ்டம் இருந்தால் புகைப்படமும் கிடைக்கும். கோயிலைக் கட்டியவர் குழுத் தலைவரின் கொள்ளுத் தாத்தாவாகக்கூட இருக்கலாம். அந்தப் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். முகநூலில் போட்டு ஊரைக் கூட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை மானப் பிரச்சினை ஆகிவிட்டால் எவரும் இறங்கி வரமாட்டார்கள்.

சட்டம் உதவுமா என்றால், 2003ஆம் ஆண்டின் தேசிய மரபு நிதியச் சட்டப்படி பட்டியலில் ஏறிய கட்டடத்தை அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ முடியாது. பட்டியலில் இல்லாததை அந்தச் சட்டம் காப்பாற்றாது. கிராமத்துச் சின்னக் கோயில்களுக்காக விண்ணப்பம் எழுதுகிறவர்கள் குறைவு, நீங்கள் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக லெ மோர்ன் மலைப் பக்கம் இருக்கிறோம். மகனுக்குக் கல்யாணம், மேல்மாடி எடுக்க அனுமதி கேட்டால் மரபுப் பகுதி என்று சொல்லி இழுத்தடிக்கிறார்கள். கடலோரத்தில் ஓட்டல்கள் மட்டும் நிற்கின்றனவே? "அது அடிமைகளின் மலை, அதற்காக நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்கிறார் என் அண்ணன். நியாயம்தானே?
ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லை.

லெ மோர்ன் பிராபான் 556 மீட்டர் உயரம். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பாறையிலிருந்து குதித்து உயிரை விட்டார்கள் என்று அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது அந்த நினைவுக்காகத்தான். அடிமைகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் மடகாஸ்கரையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள், ஆனால் இந்தியாவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்தான். அப்படியே இல்லாவிட்டாலும் என்ன? ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் போர்ட் லூயியில் கரையேறிய ஆப்ரவாசி காட் 2006இல் பட்டியலில் ஏறியபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் படிக்கட்டுக்கு இருக்கிற மரியாதை இந்த மலைக்கும் உண்டு. அண்ணனை ஒரு பிப்ரவரி 1ஆம் தேதி மலையடிவாரத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே நின்று கிரியோல் மக்களின் செகா இசையின் மேளம் கேட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறாரா பார்ப்போம்.

இப்போது உங்கள் வீடு. மலையும் அதை ஒட்டிய பகுதியும் சேர்ந்து சுமார் 349 ஹெக்டேர், அதுதான் மரபுப் பகுதி. அதைச் சுற்றி 2,400 ஹெக்டேருக்கு மேல் தாங்கல் மண்டலம், அதாவது பாதுகாப்பு வளையம். கடல்நீரும் அதில் வரும். தாங்கல் மண்டலத்தில் கட்டவே கூடாது என்றில்லை, மலையின் காட்சி மறையாதபடி கட்ட வேண்டும் என்று தனி வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. ஓட்டல்களில் பல 2008க்கு முன்பே வந்தவை. அது உங்களுக்கு ஆறுதல் தராது என்று எனக்குத் தெரியும். முதலில் வந்த பணக்காரனின் கட்டடம் நிலைத்துவிட்டது, பிறகு கட்ட வந்த ஏழைக்கு விதி வந்துவிட்டது. இதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். ஒரு கிராமத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்தக் கிராமத்துப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் தங்க இடமில்லாமல் செய்வது பாதுகாப்பு ஆகாது. அவன் ஊரை விட்டுப் போனால் அந்த மலையின் கதையைச் சொல்ல அங்கே யார் இருப்பார்கள்?

செய்ய வேண்டியது இது. வாய்வார்த்தைப் பதிலை ஏற்காதீர்கள். எந்த விதிப்படி, எத்தனை மீட்டர் உயரம் அதிகம் என்று மாவட்டக் கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள். உயரம்தான் பிரச்சினை என்றால் மாடிக்குப் பதில் பின்பக்கம் நீட்டிக் கட்ட வரைபடக்காரர் வழி சொல்வார், நிலம் இருந்தால் பெரும்பாலும் முடியும். மறுத்து எழுத்தில் பதில் வந்தால் சுற்றுச்சூழல், நிலப் பயன்பாட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கெடு குறுகியது, கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்களைப் போல இன்னும் நாலு குடும்பம் இருக்கும், கிரியோல் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஷ்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து பிரோக்கை (மீன்பிடிப் படகை) இறக்குகிற பாதை. பக்கத்தில் வில்லா கட்டியவர்கள் சுவர் எடுத்து மறித்துவிட்டார்கள். "எங்கள் குத்தகை நிலம்" என்கிறார்கள். மீனவர்களாகிய நாங்கள் எங்கே போவது?
ஒரு மீனவர்

பதில்: ஐயா, கடலை ஒட்டிய நிலம் இந்த நாட்டில் யாருக்கும் சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. 1807இல் பிரெஞ்சு ஆளுநர் தெக்காயேன் போட்ட ஆணை அது. அலை ஏறும் எல்லையிலிருந்து 250 பிரெஞ்சு அடி, இன்றைய கணக்கில் 81.21 மீட்டர், பா ஜெயோமெத்ரிக் என்று ஒதுக்கப்பட்ட அரசு நிலம். அதில் குத்தகைதான் கிடைக்கும். குத்தகைப் பத்திரத்தில் வழிவிடும் நிபந்தனை இருக்கிறதா என்பதைப் பார்ப்பதே முதல் வேலை. கரை மணல், அலை வந்து போகிற இடம், அது எப்போதும் பொது.

ஆனால் பாதை இருந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பழைய வரைபடம், வான்வழிப் படம், கல்யாண ஆல்பத்தில் பின்னால் பிரோக் நிற்கிற புகைப்படம், எல்லாம் உதவும். எழுபது எண்பது வயதுப் பெரியவர்களிடம் இப்போதே உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சுவரை நீங்களாக இடிக்க வேண்டாம், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். பொம்போனெத் கடற்கரையை ஓட்டலுக்கு ஒதுக்கியபோது ஊர்மக்கள் கரையில் கூடி நின்று எதிர்த்தது நினைவிருக்கும். மீனவர், குளிக்க வருகிறவர், குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிட வருகிறவர் என்று எல்லோரும் சேர்ந்ததால்தான் அந்தக் குரல் நாடு முழுக்கக் கேட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2020 ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ கப்பல் பொயின்ட் தெஸ்னியில் பவளப்பாறையில் மோதி, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து லகூன் (பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் கடல்) கறுத்தபோது, கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை தைத்தவர்கள் யார்? மாயேபூர்க் கரையில் இரவு பகலாக நின்றவர்களில் உங்கள் ஆட்கள் எத்தனை பேர்! இந்தக் கடலோரத்தில் உங்களுக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் அந்த ஆகஸ்டை நினைவுபடுத்துங்கள். அதிகாரிகளுக்கு எழுதும் மனுவிலும் அதை எழுதுங்கள்.

கேள்வி: தைப்பூசக் காவடி கடற்கரையிலிருந்துதான் புறப்படும். புதிதாகக் குடிவந்தவர்கள் விடியற்காலை மேளச் சத்தம் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். நேரத்தை மாற்றவா?
ஒரு கோயில் குழு உறுப்பினர்

பதில்: மாற்ற வேண்டாம். தைப்பூசம் இந்த நாட்டின் பொது விடுமுறை, காவடி நேற்று வந்த வழக்கம் இல்லை. ஆனால் ஒலிபெருக்கி வேறு, மேளம் வேறு. விடியும்வரை ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள், மேளமும் நாதஸ்வரமும் போதும், அதுதான் அழகும். ஊர்வலப் பாதையையும் நேரத்தையும் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து நகல் வாங்கி வையுங்கள். புகார் கொடுத்த வீட்டுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போய், பத்து நாள் விரதம் எதற்கு, அலகு எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, அன்று மதியம் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு அவர்களையும் அழைத்துவிட்டு வாருங்கள். போகும்போது பிரெஞ்சு நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.