பாவநிவிர்த்தி: சிலுவை மரணம் எவ்வாறு மீட்பாகிறது?

கேள்வி: ஐயா, கிறிஸ்துவின் மரணம் நம்மை எப்படி மீட்கிறது என்பதற்குத் திருச்சபை அதிகாரபூர்வமாக ஏற்ற விளக்கம் எது?

பதில்: அப்படி ஒன்று இல்லை. கிறிஸ்து யார் என்பதை 325இல் நிசேயாவிலும் 451இல் கல்செதோனிலும் கூடிய சங்கங்கள் வரையறுத்தன. ஆனால் அவருடைய மரணம் எவ்வகையில் மீட்பாகிறது என்பதை எந்தப் பொதுச்சங்கமும் (திருச்சபை முழுவதற்குமான ஆயர் கூட்டமும்) அவ்வாறு வரையறுக்கவில்லை. விசுவாச அறிக்கை "நமக்காக" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

கேள்வி: மாற்கு 10:45இல் தம் உயிரை "மீட்கும்பொருள்", அதாவது விடுதலைக்கான விலை, என்று இயேசு சொல்கிறார். அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது?

பதில்: சாத்தானுக்கு என்றார் 3ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிகன். 4ஆம் நூற்றாண்டின் ஆயர் நிசா நகரக் கிரகோரி இன்னும் ஒரு படி மேலே போய், மனிதத்தன்மை இரையாகவும் அதற்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மை தூண்டில் முள்ளாகவும் இருக்க, சாத்தான் இரையை விழுங்கிச் சிக்கிக்கொண்டான் என்று விவரித்தார். அவருடைய நண்பரான நசியான்சு கிரகோரிக்கு இது ஏற்புடையதாக இல்லை. கொள்ளைக்காரனான சாத்தானுக்கு விலை கொடுப்பது அவமானம், பிதாவோ அதைக் கேட்கவில்லை என்று இரு வழிகளையும் அவர் அடைத்துவிட்டார். உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தத் தூண்டிலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆயினும் மரணத்தையும் தீமையையும் கிறிஸ்து வென்றார் என்ற அதன் உட்கருத்து அழியவில்லை. சுவீடன் இறையியலாளர் குஸ்தாவ் ஆலன் 1930களில் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்.

கேள்வி: "கிருபாதாரபலி" என்றால் கோபமுற்ற கடவுளைச் சாந்தப்படுத்தும் பலி என்றுதானே பொருள்?

பதில்: இங்கேதான் நிதானம் வேண்டும். ரோமர் 3:25இல் "கிருபாதாரபலி" என்று தமிழில் வருவதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஹிலாஸ்டேரியோன். அதே சொல் எபிரெயர் 9:5இலும் வருகிறது. ஆனால் நமது பழைய மொழிபெயர்ப்பு அங்கே அதைக் "கிருபாசனம்" என்று தருகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் பலியாகவும் மற்றோரிடத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடியாகவும் நிற்பதைத் தமிழில் மட்டும் வாசிப்பவர் கவனிக்க வழியில்லை. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின்படி, பிரதான ஆசாரியன் ஆண்டுக்கு ஒருமுறை திரைக்கு உள்ளே சென்று அந்த மூடியின்மேல் இரத்தத்தைத் தெளிக்கிறான். மற்றொரு வெள்ளாட்டுக்கடாவோ மக்களின் அக்கிரமங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகிறது. அந்தச் சடங்கில் மேலோங்கி நிற்பது தீட்டு நீங்குவது. கோபம் தணிவது அங்கே வெளிப்படையாகப் பேசப்படவில்லை. ஆனால் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரம் தேவகோபத்தைப் பற்றியே பேசத் தொடங்குகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. என் வாசிப்பில் பவுல் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறார். சுத்திகரிப்பு மட்டுமே என்பவர்களும் சாந்தப்படுத்தல் மட்டுமே என்பவர்களும் பாதி வசனத்தையே வாசிக்கிறார்கள்.

கேள்வி: இடைக்கால இறையியலாளர் அன்செல்மும் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினும் ஒன்றையேதான் சொல்கிறார்கள் அல்லவா?

பதில்: பலரும் அப்படித்தான் கலந்துவிடுகிறார்கள். 1098இல் முடித்த நூலில் அன்செல்ம், கடவுளுக்குரிய கனத்தை மனிதன் பறித்துவிட்டதால் ஈடுசெய்தல் அல்லது தண்டனை என்ற இரண்டில் ஒன்று நிகழ்ந்தாக வேண்டும் என்கிறார். கிறிஸ்து ஈடு செலுத்துவதால் தண்டனை விலகுகிறது. கால்வினிடத்திலோ அந்தத் தண்டனையையே கிறிஸ்து நம் இடத்தில் நின்று சுமக்கிறார். ஒன்று கடன் தீர்ப்பது, மற்றது தீர்ப்பை ஏற்பது.

கேள்வி: குற்றமற்றவரைத் தண்டிப்பது நீதியா?

பதில்: 12ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டு ஏறத்தாழ இதையே கேட்டார், சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி நம் உள்ளத்தை மாற்றுகிறது என்பதற்கு அவர் அழுத்தம் கொடுத்தார். கோபக்காரப் பிதா ஒரு பக்கம், இரக்கமுள்ள குமாரன் மறுபக்கம் என்று சித்திரிக்கும் பிரசங்கங்களுக்கு உங்கள் கேள்வி சரியான அடிதான். ஆனால் 2 கொரிந்தியர் 5:19இன்படி, கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்குகிறவர் தேவனே. நியாயாதிபதி மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்துத் தண்டிக்கவில்லை. தாமே இறங்கி வருகிறார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை விட்டுவிட்டு, கிறிஸ்து நம் தண்டனையைச் சுமந்தார் என்ற கோட்பாட்டை நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக (கடவுள் தேர்ந்தெடுத்தவர்களுக்காக) மட்டுமா?

பதில்: 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய, கால்வின் வழிச் சபைகளின் டோர்ட் சங்கம் இரண்டாவதன் பக்கம் நின்றது, டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழிவந்தோர் முதலாவதன் பக்கம் நின்றனர். ஆனால் அந்த மரணம் உலகம் முழுவதன் பாவங்களுக்கும் தாராளமாகப் போதுமானது என்று டோர்ட்டும் எழுதியிருக்கிறது. பிணக்கு அதன் மதிப்பைப் பற்றியதன்று. அது யாருக்கென்று நோக்கப்பட்டது என்பதைப் பற்றியது.