விமானிகள் சங்கத்தில் சேரலாமா, சந்தா எதற்கு? கேள்வி பதில்

பயணிகள் விமானங்களில் துணை விமானியாகவும் பிறகு கேப்டனாகவும் பறந்து ஓய்வு பெற்றவன் நான். சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்திருக்கிறேன். சங்க உறுப்பினராவதன் பயனையும் செலவையும் பற்றி இந்திய விமானிகள் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பயிற்சிப் பள்ளி, மருத்துவப் பரிசோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி (துணை விமானி, சென்னை): வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது, ஐயா. பயிற்சிக்கு வாங்கிய கடனின் தவணையே சம்பளத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடுகிறது. இந்த நிலையில் சங்கச் சந்தாவும் கட்டினால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: தம்பி, சம்பள உயர்வை மனத்தில் வைத்துச் சந்தாவை அளக்காதீர்கள். ஒருநாள் தரையிறக்கம் சற்றுக் கடினமாகிவிடுகிறது, அல்லது வால்பகுதி ஓடுதளத்தில் உரசிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கருவியின் தரவுகளை எடுத்துவிடுவார்கள். உங்கள் பெயர் ரோஸ்டரிலிருந்து, அதாவது பணி அட்டவணையிலிருந்து, நீக்கப்படும். அன்று மாலையே எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனத்தின் சட்டப் பிரிவு இருக்கும். இந்தப் பக்கம் தூக்கமில்லாத நீங்கள் ஒருவர் மட்டும். அப்போது உங்கள் பக்கத்தில் உட்கார, "இதை இன்று எழுத வேண்டாம், முதலில் தரவைக் காட்டச் சொல்லுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். உங்கள் சந்தா அவருக்காகத்தான்.

இதன் பெரிய வடிவத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து 260 பேர் இறந்தார்கள். ஜூலையில் முதற்கட்ட அறிக்கை வெளிவந்த கையோடு, வெளிநாட்டு ஊடகங்கள் இறந்துபோன விமானிகள் பக்கம் விரல் நீட்டின. இறந்தவர்கள் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. இந்திய வணிக விமானிகள் சங்கமும், ஆல்பா இந்தியா என்ற இன்னொரு விமானிகள் சங்கமும்தான் விசாரணை முடியும் முன் பழி சுமத்தக் கூடாது என்று அறிக்கை விட்டன. கேப்டனின் முதிய தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது இந்திய விமானிகள் கூட்டமைப்பு அவருடன் நின்றது. நவம்பரில் நீதிமன்றம், உங்கள் மகன்மீது யாரும் பழி சுமத்த முடியாது என்று அந்தத் தந்தையிடம் சொன்னது. அந்தப் பெரியவரைத் தனியே நீதிமன்றப் படி ஏற விடாமல் துணை நிற்க ஓர் அமைப்பு இருந்தது. அமைப்பு என்பது மாதாமாதம் சந்தா கட்டிய விமானிகள்தான்.

கேள்வி (கேப்டன், மும்பை): அமெரிக்காவில் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைச் சந்தாவாகப் பிடிக்கிறார்களாமே? இங்கும் அப்படி வந்துவிடுமா?

பதில்: 1931இல் தொடங்கிய ஆல்பா என்ற விமானிகள் சங்கம் (ஆல்பா இந்தியா வேறு) அங்கே 1.85 சதவீதம் வாங்குகிறது. ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் வாங்கும் கேப்டன் 5,550 டாலர் கட்டுகிறார். சிறிய தொகை அல்ல. ஆனால் 2023இல் அதே சங்கம் டெல்டா விமானிகளுக்கு நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு பெற்றுத் தந்தது. அங்குள்ள ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானிகளுக்கும் பொருந்துவதால், உறுப்பினராக விரும்பாதவரிடமும் பேச்சுவார்த்தைச் செலவுக்கான பங்கை வாங்க ஒப்பந்தம் போட முடியும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. விரும்பியவர் சேரலாம், விரும்பாதவர் விலகி நிற்கலாம். நம் சங்கங்கள் மெலிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (துணை விமானி, பெங்களூரு): சேராமலேயே பலன் கிடைக்கிறதே, கேப்டன்? ஓய்வு நேர விதி எல்லோருக்கும்தானே?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2024 ஜனவரியில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ, விமானிகளின் பணி நேர விதிகளைத் திருத்தி வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆகும். இரவுப் பணி என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் ஆறு தரையிறக்கங்கள் வரை இருந்த வரம்பு இரண்டாகக் குறையும். அந்த ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வர வேண்டிய விதியை விமான நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிவைத்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யார்? சங்கங்கள். விதி 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக வந்ததென்றால் அதற்குக் காரணம் அந்த வழக்கு. நீங்கள் இன்று வீட்டில் கூடுதலாகத் தூங்கும் 12 மணி நேரத்துக்கு வேறு யாரோ சந்தா கட்டியிருக்கிறார்கள்.

இனி அடுத்த பாதி. நவம்பர் விதிக்கு வேண்டிய விமானிகளை நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் தயார் செய்து வைத்திருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசு என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. அந்நிறுவன விமானிகளுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட சங்கம் கிடையாது. வெளியிலிருந்து மற்ற சங்கங்கள் கண்டித்தன. உள்ளேயிருந்து "எங்கள் ஓய்வை விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்று சொல்ல அமைப்பாக ஒருவரும் இல்லை. விதியை வாங்கித் தருவது ஒரு வேலை, வாங்கியதைக் காப்பது வேறொரு வேலை. முதலாவதை மற்றவர்கள் உங்களுக்காகச் செய்யலாம். இரண்டாவதை உங்கள் நிறுவனத்துக்குள் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கேள்வி (துணை விமானி, கொச்சி): ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தால், மது அருந்தியதைக் கண்டறியும் சுவாசப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டால் சங்கம் காப்பாற்றுமா?

பதில்: அதைப் பயன்படுத்தவே கூடாது என்று விதி சொல்கிறது. முதல் முறை சிக்கினால் மூன்று மாதம் உரிமம் முடங்கும். எந்தச் சங்கமும் அதில் தலையிடக் கூடாது, நானும் தலையிட மாட்டேன்.

கேள்வி (ஒரு தாய், மதுரை): மகன் விமானி ஆக விரும்புகிறான். எந்தப் பயிற்சிப் பள்ளி நல்லது?

பதில்: அம்மா, அது என் துறை அல்ல. டிஜிசிஏ தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது, பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். இடையில் விலகினால் பணம் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் பிணைப் பத்திரம் எதிலும் மகன் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞர் அதைப் படிக்கட்டும். நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி (கேப்டன், டெல்லி): கேப்டன் என்பவர் தொழிலாளரா? நிர்வாகம் எங்களை 'சீனியர் கமாண்டர்' ஆக்கி மேலாண்மைப் பிரிவில் வைக்கப் பார்க்கிறதே.

பதில்: 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா அதைத்தான் செய்தது. கேப்டனாக நான்கு ஆண்டு முடித்தவர்களுக்குப் பதவி உயர்வு, கூடவே நிர்வாகப் பிரிவில் இடம். அங்குள்ள இரு சங்கங்களும், அதாவது இந்திய வணிக விமானிகள் சங்கமும் இந்தியன் பைலட்ஸ் கில்டும், கையெழுத்திட வேண்டாம் என்று உறுப்பினர்களிடம் கூறின. சட்டம் மேலாண்மைப் பணியில் இருப்பவரையும், மேற்பார்வைப் பணியில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவரையும் தொழிலாளர் என்ற தொழிலாளர் வரையறையிலிருந்து விலக்குகிறது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு மாதம் 18,000 ரூபாய். எந்த விமானியும் அதைவிட அதிகம் வாங்குவார். ஆகவே சண்டை முழுவதும் 'மேலாண்மை', 'மேற்பார்வை' என்ற சொற்களின்மேல்தான். நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, என்ன வேலை செய்கிறார் என்றே பார்க்கின்றன. விமானம் ஓட்டுவது மேலாண்மை அல்ல.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. நிறுவனம் திவாலாகிக் கலைக்கப்பட்டால், தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி, அடமானம் பெற்ற வங்கிகளின் கடனோடு சம வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் பாக்கியோ அதற்கு அடுத்த வரிசையில், அதுவும் 12 மாதத்துக்கு மட்டும். அழகான புதுப் பதவிப் பெயரோடு வரும் தாளில் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (துணை விமானி, ஹைதராபாத்): சந்தா எவ்வளவு?

பதில்: சங்கத்துக்குச் சங்கம் வேறு. அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (துணை விமானி, டெல்லி): ஜெட் ஏர்வேஸில் சங்கம் இருந்தது. 2019 ஏப்ரல் 17 அன்று நிறுவனமே மூடப்பட்டது. சம்பளப் பாக்கியும் போயிற்று. சங்கம் என்ன செய்தது?

பதில்: இல்லாத பணத்தை எந்தச் சங்கத்தாலும் உண்டாக்க முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லிவிட்டது. சங்கம் செய்யக்கூடியது, பாக்கி கேட்பவர்களின் வரிசையில் நம் பெயரைச் சேர்த்து, சட்டம் தரும் இடத்தில் நிறுத்துவது. சந்தா கட்டினால் நிறுவனம் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (கேப்டன், கொல்கத்தா): எல்லோரும் ஒரே நாளில் உடல்நலக் குறைவு என்று சொல்லிவிட்டால் போதாதா? 2009இல் ஜெட் விமானிகள் அப்படித்தானே வென்றார்கள்?

பதில்: சங்கம் தொடங்கியதற்காக வேலையை இழந்த இருவருக்காக அவர்கள் ஐந்து நாட்கள் அதைச் செய்தார்கள். இருவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. அந்தத் துணிவை மதிக்கிறேன். வழியை மட்டும் பின்பற்றாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டத் தொகுப்பு, பாதிப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அதை வேலைநிறுத்தம் என்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்யாக நோய் சொல்லும் விமானியை நாளை உண்மையாகவே களைத்திருக்கும்போது யார் நம்புவார்கள்?

கேள்வி (ஓய்வு பெற்ற கேப்டன், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்): துணிவு என்கிறீர்கள். 2012இல் ஏர் இந்தியாவில் 58 நாள் வேலைநிறுத்தம் எதற்காக நடந்தது? புதிய போயிங் 787 ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி எங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று! இதுவா சங்கம்?

பதில்: இல்லை, இதுவல்ல. 2007இல் ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் ஆகிய இரு நிறுவனங்களையும் இணைத்தார்கள். பதவி மூப்புப் பட்டியலை இணைக்கவில்லை. அந்தப் புண்ணை ஐந்தாண்டு ஆற விடாமல் வைத்திருந்தது நிர்வாகமும் அமைச்சகமும். ஆனால் பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு நிர்வாகத்தோடு மோதுவதாக நினைத்துச் சக விமானியோடு மோதியது.

கேள்வி (கில்டின் முன்னாள் உறுப்பினர்): கேப்டன், நீங்கள் எங்கள் இடத்தில் இருந்து பார்க்கவில்லை. துணை விமானியாகவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். புதிய விமானம் வரும்போது எங்கள் பதவி உயர்வை வேறொருவருக்குக் கொடுத்தால் யாரிடம் போவது?

பதில்: உங்கள் வேதனை உண்மையானது. நான் மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். உயர் நீதிமன்றம் தொடக்கத்திலேயே தடை விதித்தது. நூறு பேர் அளவில் வேலை நீக்கம். கில்டின் அங்கீகாரம் ரத்து. கடைசியில் ஜூலையில், நீக்கப்பட்டவர்களின் நிலையைப் பரிவோடு பார்ப்போம் என்ற உறுதிமொழியை வைத்துக்கொண்டு பணிக்குத் திரும்பினீர்கள். பயிற்சி இரு தரப்புக்கும்தான் நடந்தது.

கேள்வி (அதே இந்தியன் ஏர்லைன்ஸ் கேப்டன்): அப்படியானால் நாங்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: 2011இல் சம்பளச் சமத்துவம் கேட்டு நீங்கள் பத்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது உங்கள் இந்திய வணிக விமானிகள் சங்கத்தின் அங்கீகாரத்தையும் ரத்து செய்தார்கள், அலுவலகத்தைப் பூட்டினார்கள். அப்போது கில்டு உங்களோடு நின்றதா? 2012இல் நீங்கள் கில்டோடு நின்றீர்களா? ஒரே நிறுவனத்தில் இரண்டு சங்கம், ஒன்று தெருவில் நிற்கும்போது மற்றொன்று விமானம் ஓட்டுகிறது. நிர்வாகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 2023இல் புதிய ஒப்பந்தத்தை எதிர்த்து இரண்டும் ஒரே கடிதத்தில் பேசியபோதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. புதிய சட்டத்தில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கமாகும். பிரிந்து நின்றால் அந்த எண்ணிக்கை யாருக்கும் வராது. இருவரும் இதைத் தொடர விரும்பினால் தனியே எழுதுங்கள். இளைஞர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (துணை விமானி, அகமதாபாத்): மாதச் சந்தா எவ்வளவு, ஐயா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (துணை விமானி, கோவை): சேர்ந்தால் கேப்டன் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைத் தண்டிப்பது சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. ஆனால் "சங்கத்தில் சேர்ந்ததால்" என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். சிமுலேட்டர் தேர்வில் குறை கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு பயிற்சி மதிப்பீட்டின் நகலையும் வைத்திருங்கள். பயமுறுத்தியவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

கேள்வி (கேப்டன், சென்னை): எங்கள் சங்கத்தில் கணக்கே காட்டுவதில்லை. பத்து ஆண்டுகளாக அதே முகங்கள். இதற்கும் கட்ட வேண்டுமா?

பதில்: நல்ல கேள்வி, பலர் கேட்கத் தயங்குவது. பதிவு பெற்ற சங்கம் தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் பதிவாளருக்குத் தர வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மறுத்தால் பதிவாளரிடம் போங்கள். உறுப்பினர் மட்டுமே இதைக் கேட்க முடியும், தேர்தலிலும் நிற்க முடியும். ஆகவே கட்டுங்கள், கட்டிவிட்டு உள்ளேயிருந்து கேளுங்கள். கணக்குக் காட்டாத சங்கம், ஓய்வு தராத நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

கேள்வி (துணை விமானி, புனே): வேறு நிறுவனத்தில் நல்ல வாய்ப்பு. முன்னறிவிப்புக் காலம் ஆறு மாதம் என்கிறார்கள். உடனே விலகலாமா?

பதில்: 2017 விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஓராண்டு. சங்கங்கள் இதை நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2023இல் 43 விமானிகள் அறிவிப்பின்றி விலகியதால் ஆகாசா நிறுவனம் நீதிமன்றம் வரை போனது. உடனே விலகாதீர்கள். பணி ஒப்பந்தம், பிணைப் பத்திரம் இரண்டின் நகலோடும் உங்கள் சங்கச் செயலாளரைப் பாருங்கள். நகல் இல்லையென்றால் மனிதவளப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.