அம்மா அப்பா திரும்பி வந்தார்கள், நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள்

கேள்வி: அம்மாவும் அப்பாவும் 1990இல் இந்தியாவுக்குப் போனவர்கள். நான் பிறந்து வளர்ந்தது கும்மிடிப்பூண்டி அகதி முகாமில். பி.காம். முடித்துவிட்டு அவர்களோடு இலங்கைக்கு, வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு வந்து எட்டு மாதமாகிறது. "சொந்த ஊருக்கு வந்திட்டீங்கள், இனி என்ன குறை" என்கிறார்கள் எல்லாரும். கடையில் வாய் திறந்தால் "இந்தியாப் பிள்ளை" என்று சிரிப்பு. வேலை இல்லை, சிநேகிதிகள் எல்லாரும் அங்கே. திரும்பிப் போய்விடலாம் போல இருக்கிறது. சொன்னால் அப்பா உடைந்து போவார்.

பதில்: தங்கச்சி, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. திரும்பி வந்தவர்கள் அம்மாவும் அப்பாவும்தான், நீங்கள் ஒரு புது நாட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கனடாவுக்குப் போன பிள்ளையிடம் குளிர் பழகிவிட்டதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கிற சனம் உங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை, ஏனென்றால் நீங்களும் தமிழ், காணியும் உங்கள் அப்பப்பா வெட்டின காணி. இதை அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள், "எனக்கு இங்கே ஒன்றும் தெரியாது, காட்டித் தாங்கோ" என்று கேளுங்கள். அதில் அவர் உடைய மாட்டார்.

ஆனால் அவருக்கும் எல்லாம் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். அவர் மனதில் இருப்பது 1990க்கு முந்திய காடு. அதன்பிறகு 2009 வரை அங்கே சண்டை நடந்தது, கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முழுதாக முடியவில்லை. பாலைப்பழத்துக்கோ விறகுக்கோ "எனக்குத் தெரிந்த பாதைதான்" என்று அவர் கூப்பிட்டாலும், இங்கேயே இருந்த அயலவர் ஒருவர் கூட வராமல் போகாதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். அப்புறம், காய்ச்சல் வந்தால் இந்தியாவிலிருந்து வந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்ததால், சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைப்பே வராமல் போகலாம்.

உங்கள் பேச்சு வழக்கை அவசரமாக மாற்றாதீர்கள். சிரிக்கிறவர்களில் பலருக்கு வன்மம் இல்லை, ஆனாலும் நோகும்தான். பின்னேரத்தில் அயல் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் வந்தால் தாய்மாரும் வருவார்கள், ஒரு மாதத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீடுகள் ஐந்தாறு இருக்கும். கடையில் ஒவ்வொரு சாமானின் விலையையும் இந்திய ரூபாயாக மாற்றிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், சம்பளமும் கூலியும் இங்கே இலங்கை ரூபாயில்தான்.

சரி, பத்திரங்கள். உங்கள் இலங்கைக் குடியுரிமையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்துகொண்டு வந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. வெளிநாட்டில் பிறந்தவருக்கு அது இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அட்டை இல்லாமல் வேலை தேடுவது பெரும் கஷ்டம். கிராம அலுவலரிடம் கேட்டுக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். உங்கள் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அங்கீகாரக் கடிதமும் எடுத்து வையுங்கள்.

போவதா இருப்பதா என்பதை இப்போதே முடிவெடுக்க வேண்டாம். அடையாள அட்டை வந்தால் கடவுச்சீட்டுக்குப் போடலாம், அதை வைத்து விசாவுக்கு விண்ணப்பித்து, சிநேகிதிகளை முறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அப்பாவோடு இருந்து பேசுங்கள்.