கேள்விக்குறிகளாக நிற்கும் பாகங்கள்: கீகேட்டில் லைப்ரரி காணவில்லை என்றால்

வாசகர் கேள்வி: நண்பர் 2019-இல் கீகேட் 5-இல் (சர்க்யூட் போர்டுகளை வடிவமைக்கும் மென்பொருள்) வரைந்த மோட்டார் கட்டுப்பாட்டு போர்டு ஒன்றை நான் திருத்த வேண்டும். ஸ்கெமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) ஃபைலையும் போர்டு ஃபைலையும் மட்டும் அனுப்பினார். கீகேட் 9-இல் திறந்தால் எல்லாப் பாகங்களும் கேள்விக்குறி போட்ட பெட்டிகளாக நிற்கின்றன. புதிதாக ஒரு ரெசிஸ்டர் வைக்கலாம் என்றால் பட்டியலே காலி. இரண்டு முறை மென்பொருளை அழித்துவிட்டு நிறுவியும் பயனில்லை. என்ன செய்வது?

முதலில் ஒன்று: இந்த நிலையில் எதையும் சேவ் செய்யாதீர்கள். நண்பர் அனுப்பிய ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சேவ் செய்த உடனே அது புது வடிவத்துக்கு மாறிவிடும், அதைக் கீகேட் 5-இல் மறுபடி திறக்க முடியாது.

உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ரெசிஸ்டர்கூடக் கிடைக்கவில்லை என்பது உங்கள் கணினியின் கோளாறு. நண்பரே செய்த சிம்பல்கள் (வரைபடத்தில் பாகங்களைக் குறிக்கும் படங்கள்) கிடைக்காதது அவர் அனுப்பிய விதத்தின் கோளாறு. இரண்டும் ஒரே மாதிரிக் கேள்விக்குறியாகத் தெரிவதால்தான் குழப்பம். முதலாவதைச் சரி செய்தால் எத்தனை பாகங்கள் உண்மையிலேயே காணவில்லை என்பது தெரிந்துவிடும்.

கீகேட் ஒரு பாகத்தை எப்படித் தேடுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு சிம்பலுக்கும் ஒரு முகவரி உண்டு. முன்பாதி லைப்ரரியின் (சிம்பல்களின் தொகுப்பு) செல்லப்பெயர், நடுவில் முக்காற்புள்ளி, பின்பாதி பாகத்தின் பெயர். 'டிவைஸ்:ஆர்' என்றால் டிவைஸ் என்ற லைப்ரரியில் உள்ள ரெசிஸ்டர். டிவைஸ் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது ஸ்கெமாட்டிக்கில் எழுதப்படுவதில்லை. அதற்கென்று 'சிம்-லிப்-டேபிள்' என்ற ஒரு சின்ன அட்டவணை ஃபைல் இருக்கிறது. ஃபுட்பிரிண்ட்டுகளுக்கு (போர்டில் பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) 'எஃப்பி-லிப்-டேபிள்'. ஆக, லைப்ரரி வட்டில் பத்திரமாக இருக்கும்போதே அட்டவணையில் அதன் வரி இல்லாவிட்டால் கீகேட்டைப் பொறுத்தவரை அது இல்லை. லைப்ரரி காணவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஃபைல் இருக்கிறது, முகவரிதான் தொலைந்திருக்கிறது.

மறுபடி நிறுவியும் ஏன் சரியாகவில்லை? அந்த அட்டவணை மென்பொருளோடு சேர்ந்து இருப்பதில்லை, உங்கள் சொந்த அமைப்புகள் இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் கீகேட், அதற்குள் 9.0. லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள். மென்பொருளை அழித்தாலும் இது அப்படியே இருக்கும். புதிதாக நிறுவிய கீகேட் அதே பழைய காலி அட்டவணையைத்தான் படிக்கிறது.

காலியானதற்கும் காரணம் சொல்லலாம். ஸ்கெமாட்டிக் எடிட்டரை முதல்முறை திறக்கும்போது, சிம்பல் அட்டவணையை எப்படி அமைக்கலாம் என்று கீகேட் கேட்கும். கீகேட்டோடு வரும் அட்டவணையை நகலெடுப்பது, நீங்கள் காட்டும் வேறொன்றை நகலெடுப்பது, காலியாகத் தொடங்குவது என்று மூன்று வழிகள். அவசரத்தில் மூன்றாவதை அழுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீகேட்டை முழுதாக மூடிவிட்டு, மேலே சொன்ன ஃபோல்டரில் அந்த இரண்டு அட்டவணை ஃபைல்களின் பெயரையும் மாற்றிவிடுங்கள், அழிக்க வேண்டாம். திரும்பத் திறந்தால் அதே கேள்வி வரும். இந்த முறை முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். போர்டு எடிட்டரைத் திறக்கும்போது ஃபுட்பிரிண்ட்டுக்கும் இப்படியே கேட்கும்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உபுண்டு, டெபியனில் லைப்ரரிகள் தனித்தனிப் பொதிகளாக (பேக்கேஜ்) வருகின்றன. பரிந்துரைக்கும் பொதிகள் வேண்டாம் என்று சொல்லி நிறுவினால் லைப்ரரி இல்லாத கீகேட்தான் கிடைக்கும். அங்கே அட்டவணையைத் திருத்திப் பயனில்லை, கீகேட்-சிம்பல்ஸ், கீகேட்-ஃபுட்பிரிண்ட்ஸ் பொதிகளை நிறுவ வேண்டும்.

சரி, இப்போது நண்பரின் ப்ராஜெக்ட். பழைய நகலைத் திறந்தால் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு போன்றவை பெரும்பாலும் திரும்பி வந்திருக்கும். மிச்சமிருக்கும் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'இ' விசையை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் அடியில் லைப்ரரி லிங்க் என்று முகவரி இருக்கும். முன்பாதி கீகேட்டோடு வரும் லைப்ரரியின் பெயராக இருந்தால், 5-க்கும் 9-க்கும் நடுவில் அந்தப் பாகம் பெயர் மாறியிருக்கலாம் அல்லது வேறு லைப்ரரிக்குப் போயிருக்கலாம். டூல்ஸ் மெனுவில் உள்ள எடிட் சிம்பல் லைப்ரரி லிங்க்ஸ் வழியாகப் புது முகவரியைக் கொடுங்கள். முன்பாதி நீங்கள் கேள்விப்படாத பெயராக இருந்தால் அது நண்பர் தானே செய்தது.

அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு ஃபைல்தான். ப்ராஜெக்ட் பெயரோடு 'கேஷ்' என்று முடியும் லைப்ரரி ஃபைல். கீகேட் 5 வரை ஸ்கெமாட்டிக் ஃபைலில் பாகத்தின் பெயர், இடம், எண் போன்றவைதான் இருக்கும், படம் இருக்காது. பயன்படுத்திய சிம்பல்களின் நகலெல்லாம் இந்தக் கேஷ் ஃபைலில்தான் சேரும். பார்த்தால் தற்காலிக ஃபைல் மாதிரித் தெரிவதால் பலரும் அதை விட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கூடவே ப்ராஜெக்ட் ஃபைலையும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ப்ராஜெக்ட் ஃபைல் வழியாகத் திறந்து பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த கீகேட் 6 முதல் சிம்பல்கள் ஸ்கெமாட்டிக் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன, எனவே இந்தத் தொல்லை பழைய ஃபைல்களோடு முடிந்துவிடும்.

நண்பரிடமும் கேஷ் ஃபைல் இல்லையென்றால்? மனம் தளர வேண்டாம், போர்டு ஃபைல் உங்களிடம் இருக்கிறது. ஃபுட்பிரிண்ட்டுகள் எப்போதுமே போர்டு ஃபைலுக்குள் முழுதாக இருக்கும், ஒவ்வொரு பேடின் (பாகத்தின் கால் பற்றவைக்கப்படும் இடம்) எண்ணும் அது எந்த நெட்டில் (மின் இணைப்பில்) சேர்கிறது என்பதும் அதில் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பார்த்து சிம்பலைப் புதிதாக வரையலாம். பழைய நெட்லிஸ்ட் (இணைப்புகளின் பட்டியல்) ஃபைல் கிடைத்தால் இன்னும் நல்லது, பின் எண்களும் பெயர்களும் அதில் எழுதியிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காணாமல் போன சிம்பலுக்குப் பதிலாக, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இன்னொன்றை வைத்துவிடாதீர்கள். 7805 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டரில் 1-வது பின் இன்புட், 2 கிரவுண்ட், 3 அவுட்புட். எல்எம்317 என்ற இன்னொரு ரெகுலேட்டரில் 1 அட்ஜஸ்ட், 2 அவுட்புட், 3 இன்புட். இரண்டுக்கும் ஒரே டிஓ-220 உடல், ஃபுட்பிரிண்ட் கச்சிதமாகப் பொருந்தும். பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்த்திருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் அது எமிட்டர், பேஸ், கலெக்டர். பிழை காட்டும் சோதனை இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் வரைபடத்தின்படி எல்லாம் சரியாகவே இருக்கும். இப்படி மாற்றி வைத்த போர்டுகள் தயாராகி, பாகங்களும் ஏற்றிய பிறகு என் மேசைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் டிராக்கை வெட்டிக் கம்பி இழுப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. ஒரு மணி நேரம் செலவானாலும் டேட்டாஷீட்டோடு ஒவ்வொரு பின்னையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியானதும், மீட்ட சிம்பல்களை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு லைப்ரரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிஃபரன்சஸ் மெனுவில் மேனேஜ் சிம்பல் லைப்ரரீஸ் போய், குளோபல் பக்கத்தில் அல்லாமல் ப்ராஜெக்ட் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பாதை 'சி' டிரைவில் தொடங்கி உங்கள் பெயர், டவுன்லோட்ஸ் என்று போனால் அடுத்தவர் கணினியில் உடைந்துவிடும். கே-ஐ-பி-ஆர்-ஜே-எம்-ஓ-டி என்ற எழுத்துகள் சேர்ந்த மாறியில் (வேரியபிள்) அது தொடங்க வேண்டும், ப்ராஜெக்ட் இருக்கும் ஃபோல்டர் என்று அதற்குப் பொருள். அப்புறம், விண்டோஸில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் லைப்ரரி திறந்துவிடும், லினக்ஸில் திறக்காது. நண்பர் லினக்ஸ் வைத்திருந்தால் அட்டவணையில் உள்ள பெயரும் ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்துவிட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டரை அட்டவணை ஃபைல்களோடு முழுதாக ஜிப் செய்து அனுப்புங்கள்.