பென்சன்காரர் பதில்கள்

(பிரதேச செயலகமொன்றின் காணிக் கிளையில் எழுதுவினைஞராக இருந்து 2019இல் ஓய்வு பெற்று, இப்போது வட்டக்கச்சியில் வசிப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் அநேகமானவை பணம், கல்யாணம், கார் பற்றியவை.)

ஐயா, அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். மொத்தமாகக் கிடைக்கும் பணத்தில் கார் ஒன்று எடுப்போம் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மனைவிக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், வவுனியா

அது என்ன பணம் என்று முதலில் மகனை உட்காரவைத்துச் சொல்லுங்கள். அரசாங்கம் உங்களுக்குப் பரிசு தரவில்லை. 24 மாத ஓய்வூதியத்தை முன்கூட்டியே கையில் தந்துவிட்டு, அதை ஈடுசெய்ய 10 ஆண்டுகளுக்கு மாதத் தொகையைக் குறைத்துத் தருவார்கள். முழுத் தொகையைக் கண்ணால் காண உங்களுக்கு எழுபது வயதாகிவிடும். மகன் கேட்பது அதுவரைக்குமான அரிசியையும் மருந்தையும்தான்.

நான் ஓய்வு பெற்ற காலத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 15 இலட்சம் ரூபாய் வரையான நிலையான வைப்புக்கு 15 வீத வட்டி இருந்தது. மாதம் 18,750 ரூபாய். அதை நம்பி எத்தனையோ பேர் வீட்டுச் செலவைத் திட்டமிட்டிருந்தோம். 2022இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். வட்டி போனதும் விலை ஏறியதும் அடுத்தடுத்து வந்தன. மொத்தப் பணத்தை அப்படியே வைத்திருந்தவர்களே தடுமாறினார்கள். அதைத் தகரமாகவும் ரயராகவும் மாற்றி வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

“கார் விலை ஏறிக்கொண்டுதானே போகிறது, அது முதலீடு” என்று மகன் சொல்வார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பத்து வருடம் ஓடிய வாகனத்தை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் உண்டு. அந்தக் கணக்கு கதவு மூடியிருந்த காலத்துக்கு மட்டும் சரி. காப்புறுதி, புகைப் பரிசோதனை, பற்றறி எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும்.

மகன் தன் சம்பளத்தில் எடுக்கட்டும். நீங்கள் முன் சீற்றில் இருந்து வழி சொல்லுங்கள். மனைவிக்கு விருப்பமில்லை என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முதலிலேயே எழுதியிருந்தால் என் பதில் இவ்வளவு நீண்டிராது.

மகளுக்குச் சீதனமாக இரண்டு ஏக்கர் வயல் தருவதாகப் பேசி முடித்துவிட்டோம். பெர்மிற் காணி. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முன் காணி உறுதிப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். எழுதலாமா? – வாசகர், முரசுமோட்டை

பெர்மிற் காணிக்கு உறுதி எழுதித் தர ஒரு நொத்தாரிசு அகப்பட்டாலும், உங்கள் கைக்கு வருவது முத்திரை குத்திய காகிதம் மட்டும்தான். வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. காணி அரசாங்கத்தினுடையது, இருந்து பயிர் செய்யும் உரிமை உங்களுடையது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவும் முடியாது, நன்கொடையாகக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் செல்லாது. பத்திரத்தில் குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் விடமாட்டார்கள். யாழ்ப்பாணத்து உறுதிக் காணியில் பிறந்து வளர்ந்த சம்பந்திமாருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு பொழுது வேண்டும்.

என் மேசைக்கு முன்னால் இந்தக் கதை பல தடவை வந்தது. ஒரு பெரியவர் சாரத்து மடிப்பில் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பழைய கலண்டர் தாளில் சுற்றிய ‘உறுதி’. எல்லா இடப்பெயர்விலும் நனையாமல் பாதுகாத்திருக்கிறார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. கையொப்பமும் முத்திரையும் தெளிவாக இருந்தன. பதிவேட்டைத் திறந்தால் காணி அவருடைய காலஞ்சென்ற மாமனார் பெயரிலேயே நிற்கிறது. பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி சேரவேண்டியவர், என்ற கட்டத்தில் மாமனாரின் மூத்த மகன் பெயர். அவர் வெளிநாட்டில். பெரியவர் அந்த வயலை முப்பது போகத்துக்கு மேல் விதைத்திருக்கிறார். வரம்பு கட்டியது, வாய்க்கால் வெட்டியது எல்லாம் அவர்தான். எனக்குப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. பிரதேச செயலகத்துக்குப் பெர்மிற்றைக் கொண்டுபோய், சம்மதத்துடன் மகளின் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் மகளைப் பின்னுரித்தாளராகப் பதியுங்கள். ஆனால் பின்னுரித்தை நீங்கள் பிறகு மாற்றவும் முடியும், உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவி இருக்கும்வரை உரிமை அவருக்கே என்பதையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரையும் நியமிக்காமல் விடுவதுதான் ஆகக் கூடாதது. அப்படி விட்ட காணிகளில் ஆண்பிள்ளைகளையே முதலில் பார்த்த, அந்தச் சட்டத்தின் பழைய வாரிசு அட்டவணையால் வயலில் நின்று உழைத்த எத்தனையோ பெண்பிள்ளைகள் வெறுங்கையுடன் போனார்கள்.

இன்னொன்று. இரண்டு ஏக்கர் என்பது காலபோகத்துக் கதை, மாரி மழையை நம்பி விதைப்பது. குளத்து நீரை நம்பிய சிறுபோகத்தில் எவ்வளவு விதைக்கலாம் என்பது இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து விவசாயிகள் கூட்டத்தில் முடிவாகும். மாப்பிள்ளைக்கு அதையும் சொல்லிவிடுங்கள். வெளியூர்ப் பிள்ளை என்றால் தெரிந்திருக்காது.

நீங்கள் சாதகம் பார்த்தா கல்யாணம் செய்தீர்கள்? – வாசகி, முள்ளியவளை

பார்த்தார்கள். மனைவியின் குறிப்பு 1990 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மாமனார் பிறந்த நேரத்தை நினைவில் இருந்து சொல்லிப் புதிதாக எழுதுவித்தார். பொருத்தம் அபாரமாக வந்தது. மாமனார் கெட்டிக்காரர்.

பென்சன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியுமா? – வாசகர், மாங்குளம்

எனக்குத் தெரியுமா என்று கேளுங்கள். வங்கி அட்டை அவரிடம். மாதம் பிறந்தால் பேப்பருக்கும் வெற்றிலைக்கும் எனக்கு ஒதுக்கீடு வரும். வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களிக்கும் உரிமை இந்த வீட்டில் இல்லை.

மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்று சொன்னால் பேரன் சிரிக்கிறான். எப்படி ஓடியது என்று எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். – வாசகி, புதுக்குடியிருப்பு

சிரிக்கட்டும். யுத்த காலம். 1990இல் இருந்து 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறக்கும்வரை வன்னிக்குள் பெற்றோல் தடைப்பட்ட பொருள். மண்ணெண்ணெய்தான் மட்டுமட்டாக வந்தது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, அதனால் குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது, சூடேறினால் பற்றும். பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் அழுத்தம் குறைவு. அவை மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. பின்னால் வந்த ஜப்பான் கார்கள் முரண்டு பிடித்தன.

என் மாமனாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. பொனற்றைத் திறந்தால் உள்ளே ஒரு சேலைன் போத்தல் தலைகீழாகக் கட்டியிருக்கும். அதில் கால் போத்தல் பெற்றோல். சேலைன் குழாயில் ஒரு சிறிய உருளை இருக்கிறதல்லவா, நாடிக்குள் ஏறும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, அதைப் பெருவிரலால் உருட்டினால் பெற்றோல் துளித்துளியாகக் காபரேற்றருக்குள் இறங்கும். கார் ஸ்ரார்ட் ஆகும். எஞ்சின் சூடேறும்வரை மாமனார் கையைப் பொனற்றில் வைத்தபடி நிற்பார். பிறகு உருளையை இறுக்கிவிட்டு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். மாறுகிற அந்தக் கணத்தில் எஞ்சின் இரண்டு தரம் செருமும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும், கார் புறப்படும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கவைத்துவிடும். ஒயில் மாற்றாமல் ஓடியவர்களுக்குப் பேரிங் போனது. பிளக்கில் படியும் கரியை அரத்தாளால் உரசுவது வீட்டு மருமகனின் கடமை.

1991இல் எங்கள் கல்யாணத்துக்கும் அந்தக் கார்தான். கூறையில் ஏறிய மண்ணெண்ணெய் மணம் எத்தனை தோய்ச்சலுக்கும் போகவில்லை என்று மனைவி இன்றும் குறைப்படுகிறார்.

2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், கரையோரத்து மாத்தளனுக்குப் போகும் வழியில் அதை விட்டுவிட்டு நடந்தோம். பிறகு வாகனங்கள் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தன. போனவர்களில் சிலருக்குத் தங்கள் வாகனத்தின் சேசிஸாவது அகப்பட்டது. எங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. இந்தக் கடைசிப் பந்தியைப் பேரனுக்கு இப்போதே வாசிக்க வேண்டியதில்லை.

தம்பி புதுக் கார் எடுத்து, ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, முறிகண்டியில் தேங்காயும் உடைத்தான். மறுவாரமே இடித்துவிட்டான். ராசியில்லாத கார் என்று விற்கச் சொல்கிறார்கள். – வாசகர், பரந்தன்

எத்தனை மணிக்கு, எதில் இடித்தார் என்று எழுதவில்லையே. இரவில் ஏ9 பாதையில் கட்டாக்காலி மாட்டில் இடித்தவர்கள் எல்லோருடைய காரும் ராசியில்லாததா? முறிகண்டிப் பிள்ளையாரிடம் எனக்கும் பக்தி உண்டு. அங்கே வாகனங்களை நிறுத்தும் வழக்கத்தில் இன்னொரு பலனும் இருக்கிறது: சாரதி இறங்கி முகம் கழுவுகிறார், கச்சான் வாங்கிக் கொறிக்கிறார், நித்திரை கலைகிறது. தம்பி அன்றும் நிறுத்தினாரா என்று கேளுங்கள். காரை விற்க வேண்டாம். ராசியில்லாத கார் என்று ஊர் முழுக்கச் சொன்ன பிறகு விலையும் வராது.

அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குவீர்களா? – வாசகர், மல்லாவி

இல்லை. மகாஜன சம்பத எடுத்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆங்கில எழுத்து, ஆறு இலக்கங்கள். மொத்தம் 2 கோடி 60 இலட்சம் சேர்க்கைகள். இலங்கையின் சனத்தொகையே அதைவிடக் குறைவு. நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சீட்டைக் கொடுத்தாலும் பெரிய பரிசு ஒருவருக்கும் விழாமல் போகலாம். சந்தியில் சீட்டு விற்பவருக்கு ஒரு கால் இல்லை. அவரிடம் மனைவி இடைக்கிடை வாங்குவார், சுரண்டியும் பார்க்கமாட்டார். அதை நான் வேறு கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

என் மகளின் சீதன நகைகளை விற்று, அந்தப் பணத்தை முற்பணமாகக் கட்டி மருமகன் லீசிங்கில் கார் எடுத்திருக்கிறார். பதிவு அவருடைய பெயரில். மகளுக்கு அதில் பங்கில்லையா? – ஒரு தாய், கிளிநொச்சி

அம்மா, முதலில் வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். தவணை முடியும்வரை முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். மருமகன் பதிவு செய்த உரிமையாளர் மட்டும். தவணை தவறினால் கார் போய்விடும், அதற்குள் கிடக்கும் நகையும் போய்விடும்.

அடுத்தது தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம். மணவாழ்க்கைக் காலத்தில் உழைத்துத் தேடியது தேடிய தேட்டம். அதில் கணவனுக்கும் மனைவிக்கும் பாதிப் பாதி. ஆனால் ஒருவருடைய தனிச்சொத்தைக் கொண்டு வாங்கியது அதற்குள் வராது. சீதனம் மகளின் தனிச்சொத்து. ஆகவே முற்பணத்தின் அளவுக்கு மகளுக்குப் பேச இடமிருக்கிறது. நகை விற்ற கடையின் சிட்டையும் முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டும் இருந்தால் இன்றே பிரதி எடுத்து மகளிடம் கொடுங்கள். இரண்டிலும் திகதி கிட்டக்கிட்ட இருந்தால் சட்டத்தரணிக்கு வேலை சுகம்.

மருமகனிடம் இப்போது சண்டைக்குப் போகாதீர்கள். மாதத் தவணை யாருடைய சம்பளத்தில் போகிறது என்று மட்டும் மகளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். மகளும் வேலைக்குப் போகிறவர் என்றால் என் பதில் வேறு.