ஆவுளியா பற்றி மீனவர்களிடம் பேசப் போகிறவருக்கு

தம்பி, தொண்டிப் பக்கம் மீனவக் கிராமத்தில் கடல்பசு பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும், போன முறை பவளப்பாறை பற்றிப் பேசியபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை நாற்பது படங்களாம். முப்பத்தைந்தை எடுத்துவிடுங்கள்.

'கடல்பசு' என்றுகூட வேண்டாம், அங்கே அது ஆவுளியா. 'டுகாங்' என்று ஆங்கிலப் பெயரில் தொடங்கினால் கூட்டம் டீ குடிக்கக் கிளம்பிவிடும்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் பேசிய அன்று, வடகடல் (பாக் விரிகுடா) கரையில் ஒதுங்கிய கடற்புல்லை வேரோடு அள்ளி, அலுமினியச் சட்டியில் கடல்தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். "இது பாசியில்லை, வேரும் பூவும் உள்ள செடி" என்றதும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் கையை விட்டு வேரைத் தடவிப் பார்த்தார். "பாசி எடுக்கிற எனக்கே இது தெரியலையே!" ஆவுளியா இதைத்தான் நாளைக்கு 30, 40 கிலோ வரை மேய்கிறது என்றேன். அப்புறம் கேள்விகள் நிற்கவே இல்லை.

இன்னும் ஒரு கணக்கு போதும். சினைக்காலம் 13 முதல் 14 மாதம், ஒரே குட்டி, அடுத்ததற்கு 3 முதல் 7 ஆண்டு. வலையில் மாட்டி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் ஒன்று செத்தால் எவ்வளவு இழப்பு என்பதை அவர்களே சொல்லட்டும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகத்தை யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்கினால், தொழிலைத் தடுக்க வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள். சரி, படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தேதி வையுங்கள்.