மூன்று படிப்பு போதாதென்று நான்காவதா?

கேள்வி: சேலம் பனங்காட்டில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். மாதம் 26,000 ரூபாய் வரும். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. கூடவே தொலைதூரக் கல்வியில் பி.ஏ., ஆன்லைனில் டேட்டா சயின்ஸ். இரண்டு அரியர் இருக்கிறது. இப்போது டேலி என்கிற கணக்கு மென்பொருள் வகுப்பிலும் சேர்க்கச் சொல்கிறார் மச்சான். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா? வேண்டாமென்றால் மச்சானிடம் என்ன சொல்வது?

பதில்: வளையல் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லேயே அனுமதித்துவிட்டது. அனுமதி இருக்கிறது, சரி. நேரம் இருக்கிறதா? பகலில் கல்லூரி, சாயங்காலம் உங்களோடு சலங்கை பற்றவைப்பு, இரவு பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அரியர் விழாமல் என்ன செய்யும்?

அதைவிட நீங்கள் கடனுக்குப் போடும் கையெழுத்துதான் எனக்குக் கவலை. மச்சான் ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால் போதும், நீங்கள் ஒரு கடனுக்குத் தயாராகிவிடுகிறீர்கள். டேட்டா சயின்ஸுக்கு மாதம் 6,000 வீதம் 18 தவணை, ‘வட்டி இல்லை’ என்கிறது நீங்கள் அனுப்பிய நோட்டீஸ். அதன் அடியிலேயே பொடி எழுத்தில், மொத்தமாகக் கட்டினால் 90,000 என்றும் இருக்கிறது. தவணையில் 1,08,000 ஆகிறது. கூடுதலாகப் போகும் 18,000 வட்டி அல்லாமல் வேறென்ன? அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குச் சுமார் 24 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் ரெண்டு ரூபாய் வட்டி. வட்டிக்கடைக்காரராவது அதை வாய்விட்டுச் சொல்லி வாங்குவார்.

இதோடு பி.ஏ.வுக்கு மாதக் கணக்கில் 1,000, டேலிக்கு 2,000 சேருங்கள். மொத்தம் 9,000. உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதுபோன்ற படிப்புகளில் பாடம் நடத்துவது ஒரு நிறுவனம், கடன் கொடுப்பது பெரும்பாலும் வேறொன்று. தவணை நின்றால் கெடுவது உங்கள் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண். ரத்து செய்தால் மீதியைக் கழிப்பார்களா என்று இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், பணம் போன அந்த டேட்டா சயின்ஸை மகன் முடிக்கட்டும். பி.ஏ.வை இந்த ஆண்டே விடச் சொல்லுங்கள். அடுத்த செமஸ்டரில் அரியரை முடிப்பதுதான் அவனுக்கு முதல் வேலை. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, அரியர் இருந்தால் பெயரையே எடுத்துக்கொள்வதில்லை. டேலிக்கு அவசரமில்லை. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அவன் கல்லூரியில் என்னென்ன பயிற்சி இலவசமாக நடக்கிறது என்று முதலில் விசாரிக்கட்டும்.

மச்சானிடம் என்ன சொல்வது என்கிறீர்கள். டேலிக்கு நீங்களே பணம் கட்டுங்களேன் என்று கேட்டுப் பாருங்கள்.